டிஸ்க் நிரம்பிய கதைகள்: உங்களுக்கு என்ன நடந்தது?

கோயில் கம்ப்யூட்டர்காரன், ரோஸ் ஹில்

இங்கே மொரீஷியஸில் எங்கள் கோயில் அலுவலகத்தில் ஒரு சர்வர் இருக்கிறது. சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மேசைக்கு அடியில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர், உபுண்டு லினக்ஸ், 1 டிபி டிஸ்க், அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருப்பது சும்மா இல்லை: ஸ்கேன் செய்த பழைய கல்யாணப் பதிவேடுகள், பாட்டன் காலத்துப் படங்கள், பல வருடக் காவடி வீடியோக்கள். 2024 ஜனவரியில் டிஸ்க் 96 சதவீதம் நிரம்பிவிட்டது. காவடி 25ஆம் தேதி. மூன்று கேமராவில் வீடியோ எடுப்பார்கள். பஸ் கண்டக்டர் வாசலில் நின்று "பெனா ப்லாஸ்" (இடம் இல்லை) என்று கையை விரிப்பாரே, அந்த நிலைமை.

அதே டிஸ்க்கின் முன்பக்கம் 200 ஜிபி விண்டோஸ் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) ஒன்று உபயோகமில்லாமல் கிடந்தது. அதை அழித்துவிட்டு, ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவி வைத்து லினக்ஸ் பார்ட்டிஷனை இடப்பக்கம் நகர்த்தி நீட்டிவிடலாம் என்று திட்டம் போட்டேன். 14ஆம் தேதி ஞாயிறு, வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ரேடியோவில் பெலால் புயல் எச்சரிக்கை. சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது.

பார்ட்டிஷனை நீட்டுவது வேறு, நகர்த்துவது வேறு என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். நீட்டும்போது ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். நகர்த்தும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு பிளாக்கும் இடம் மாறுகிறது. பாதியில் கரண்ட் போனால் பாதி அங்கே, பாதி இங்கே. என்னிடம் யுபிஎஸ் கிடையாது. பேக்கப்? ஒரு பென் டிரைவில் பதிவேடுகள் மட்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மனம் மாறி, 4 டிபி டிஸ்க் வாங்கினேன். சனிக்கிழமை டிடி கமாண்ட் வைத்துப் பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகல் எடுத்தேன். மூன்று மணி நேரம். அந்தக் கமாண்டில் எது மூலம், எது இலக்கு என்று மாற்றிப் போட்டால் கதை முடிந்தது. அதனால் டிஸ்க்குகளின் சீரியல் நம்பரைக் காகிதத்தில் எழுதி வைத்து, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்ட் காட்டியதோடு இரண்டு தடவை ஒப்பிட்டேன். பூட் ஆனது. ஆனால் 4 டிபி டிஸ்க்கில் பார்ட்டிஷன் 2 டிபிக்கு மேல் போக மறுத்தது! நகலோடு எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணையும் வந்துவிட்டதுதான் காரணம். அது செக்டரை (டிஸ்க்கின் சிறு துண்டு) 32 பிட்டில் எண்ணும். 512 பைட் செக்டர் என்றால் 2 டிபியோடு கணக்கு முடிந்தது. ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணைக்கு மாற்றலாம், ஆனால் பழைய பயாஸ் மெஷினில் அப்படிச் செய்தால் கிரப்புக்கு (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் நிரல்) தனியாக ஒரு குட்டிப் பார்ட்டிஷன் வைக்க வேண்டும். காவடிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்த வம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் நான் செய்தது எதையும் நீட்டாத வேலை. பழைய டிஸ்க் சிஸ்டத்துக்கு. புதியதை முழுதாக அழித்து ஜிபிடி அட்டவணையும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டமும் போட்டு, ஆர்சிங்க் என்ற நகல் கருவியில் தரவை அதற்கு நகலெடுத்து, பழைய ஃபோல்டர் இருந்த அதே பெயரில் மவுண்ட் செய்தேன், அதாவது அந்த ஃபோல்டரின் இடத்தில் இணைத்தேன். இவ்வளவும் செய்த பிறகு பார்த்தால் பழைய டிஸ்க் இன்னும் 96 சதவீதம்! ஃபோல்டரின் மேல் மவுண்ட் செய்தால் அடியில் இருப்பது மறையும், அழியாது. மவுண்டை எடுத்துவிட்டு, பழைய ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்து, மறுபடி மவுண்ட் செய்தேன். காவடி முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அழிக்கத் துணிந்தேன்.

மதுரைக்காரன், எபேன்

அண்ணே, உங்களுக்காவது கண்ணுக்குத் தெரியற டிஸ்க். நமக்கு எல்லாம் விர்ச்சுவல், விஎம்வேர்ங்கிற சாஃப்ட்வேருக்குள்ள இருக்கிற டிஸ்க். 100 ஜிபியை 300 ஆக்கணும், ரெண்டு நிமிஷ வேலைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. போய்ப் பார்த்தா சைஸ் மாத்துற பெட்டியே மங்கலா கிடக்கு. ஆறு மாசத்துக்கு முன்னாடி யாரோ எடுத்த ஸ்னாப்ஷாட் (அன்னைக்கு இருந்த நிலைமையோட பதிவு) இருக்கு. விஎம்வேர்ல ஸ்னாப்ஷாட் இருக்கிற வரைக்கும் டிஸ்க்கை நீட்ட விடாது. அதை அழிச்சு, அது ஒண்ணு சேர்ற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் டீ குடிச்சேன்.

அப்புறம் உள்ள போனா, சிஸ்டம் இருக்கிற ரூட் பார்ட்டிஷனுக்கும் புது காலி இடத்துக்கும் நடுவுல ஸ்வாப் (மெமரி பத்தாதப்போ உதவுற பார்ட்டிஷன்) குத்தவெச்சு உக்காந்திருக்கு. ஸ்வாப்பை நிறுத்தி அதை அழிச்சேன். அடுத்ததுதான் வயித்தைக் கலக்குற இடம்: ஓடிக்கிட்டு இருக்கிற ரூட் பார்ட்டிஷனையே எஃப்டிஸ்க்ங்கிற பார்ட்டிஷன் கருவியில அழிச்சு, அதே தொடக்க செக்டர்ல, பெருசா திரும்ப உருவாக்கணும். அட்டவணையில கோடு மாத்தி வரையறது மட்டும்தான், உள்ள இருக்கிறதைத் தொடறதில்லை. தெரிஞ்சாலும் கை நடுங்குது. தொடக்கம் 2048ன்னு முன்னாடியே எழுதி வெச்சிருந்தேன். ரொம்பப் பழைய மெஷின்ல 63ல தொடங்கும். அங்க யோசிக்காம என்டர் தட்டினா 2048 ஆயிடும், ஃபைல் சிஸ்டத்தோட தலையைக் காணோம்னு நிக்கணும்.

உருவாக்கினதும் எஃப்டிஸ்க் ஒரு கேள்வி கேக்கும்: இங்க எக்ஸ்ட்4 கையெழுத்து இருக்கு, அழிக்கவான்னு. அதுவரைக்கும் எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு தட்டிக்கிட்டே வந்த விரல், 'ஒய்' (Y) மேல போயி நின்னுடுச்சு. என் தெய்வம் அன்னைக்கு முழிச்சிருந்துச்சு. வேண்டாம்னு 'என்' (N) அடிச்சேன். எழுதி, ரீபூட் பண்ணி, ஃபைல் சிஸ்டத்தை நீட்டுற ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினா பத்து செகண்ட்ல 300.

ஆனா அந்த ரீபூட் ஒன்றரை நிமிஷம் அப்படியே உறைஞ்சு நின்னுச்சு பாருங்க, அந்த ஒன்றரை நிமிஷத்துல ராஜினாமா கடிதத்தை மனசுக்குள்ள எழுதி முடிச்சுட்டேன். பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் பண்ணணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல பழைய ஸ்வாப்போட யுயுஐடி (அடையாள எண்) அப்படியே இருந்திருக்கு. இல்லாத ஸ்வாப்புக்காக, பூட் வேலையைப் பார்க்கிற சிஸ்டம்டி 90 செகண்ட் காத்துக்கிட்டு இருந்திருக்கு.

ஸ்டூடியோ, மாயேபூர்

நான் இழந்தவன், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான்கு 2 டிபி டிஸ்க், ரெய்ட் 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறை). உபயோகிக்கக் கிடைத்தது 6 டிபி. ஒவ்வொன்றாகக் கழற்றி 4 டிபி போட்டு, ஒவ்வொரு தடவையும் ரீபில்ட் ஆக (மற்ற டிஸ்க்குகளைப் படித்துப் புதியதை நிரப்ப) விட்டால், நான்காவது முடிந்ததும் 12 டிபி ஆகும். முறை சரிதான். முதல் டிஸ்க் ராத்திரி முழுக்க ஓடி முடிந்தது. இரண்டாவதைக் கழற்றி ரீபில்ட் நடக்கும்போது, மூன்றாவதில் படிக்க முடியாத செக்டர்கள் வந்து அதுவும் வெளியே விழுந்தது. ரெய்ட் 5 ஒரு டிஸ்க்கைத்தான் தாங்கும். பழைய டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயது. ரீபில்ட் என்பது அந்தக் கிழங்கள் எல்லாவற்றையும் முதல் செக்டர் முதல் கடைசி வரை ஓட வைப்பது. தொடங்குவதற்கு முன் ஒரு தடவை முழுதாகப் படித்துச் சோதித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

நல்லவேளை, பயத்தில் கண்டதையும் தட்டாமல் மெஷினை நிறுத்தினேன். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து முடிந்ததை மீட்கும் டிடிரெஸ்க்யூ வைத்து அந்த மூன்றாவதைப் புதிய டிஸ்க்குக்கு நகலெடுத்து, வலுக்கட்டாயமாக அரேயை (டிஸ்க் கூட்டத்தை) மறுபடி சேர்த்தோம். பெரும்பாலும் திரும்பி வந்தது. ஒரு கல்யாணத்தின் படங்கள் மட்டும் மேல்பாதி தெளிவாகவும் கீழ்பாதி சாம்பல் நிறமாகவும் வந்தன. வாழை இலையில் ஏழு கறி பரிமாறிய வரிசைப் படம்; முகங்கள் இருக்கின்றன, இலைகளைக் காணோம். பெண்ணின் அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, அதுதான் இன்னும் குத்துகிறது.

வாக்குவா அக்கா

ரோஸ் ஹில் தம்பி, அடுத்த தடவை முதலிலேயே எல்விஎம் போட்டுக்கொள், பல டிஸ்க்கை வால்யூம் குரூப் என்ற ஒரே தொகுப்பாக்கிப் பிரித்துக்கொடுக்கும் முறை அது. புது டிஸ்க்கை வால்யூம் குரூப்பில் சேர்த்து, எல்விஎக்ஸ்டெண்டில் மைனஸ் ஆர் கொடுத்தால் ஃபைல் சிஸ்டத்தையும் அதுவே நீட்டிவிடும், சர்வரை நிறுத்தவே வேண்டாம். பழைய டிஸ்க்கைக் காலி செய்ய பிவிமூவ். அது பாதியில் நின்றாலும் மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். புயல் காலத்துக்கு ஏற்றது. ஒன்று மட்டும் கவனம்: ஒரே வால்யூம் இரண்டு டிஸ்க்கில் பரவி இருக்கும்போது எது செத்தாலும் உனக்குத் தலைவலிதான். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்டால் பெரிதாக்க மட்டுமே முடியும், பிறகு சுருக்க வேண்டுமென்று என்னிடம் வராதே.

கோயில் கம்ப்யூட்டர்காரன், ரோஸ் ஹில்

மாயேபூர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இன்று மதியமே கோயிலுக்குப் போய் இரண்டு டிஸ்க்கிலும் ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத்தானே பரிசோதிக்கும் வசதி) நீண்ட சோதனை ஓடவிட்டேன். இரண்டும் தேறின. வெளி டிஸ்க் ஒன்றும் வாங்கியாயிற்று, அது கோயிலில் இல்லை, என் வீட்டு அலமாரியில். எஃப்எஸ்டேபில் 4 டிபி டிஸ்க்குக்கு நோஃபெயில் என்ற குறிப்பைச் சேர்த்தேன். அது ஒரு நாள் எழுந்திருக்காவிட்டாலும் சிஸ்டமாவது பூட் ஆகட்டும்.

அக்கா, எல்விஎம் அடுத்த மெஷினில். இதற்கிடையில் ஒன்று கண்டுபிடித்தேன். எக்ஸ்ட்4 தானாகவே 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று (சிஸ்டம் நிர்வாகி) ஒதுக்கி வைக்கிறது. சிஸ்டம் டிஸ்க்கில் அது தேவை, வீடியோ மட்டும் இருக்கும் 4 டிபி டிஸ்க்கில் 200 ஜிபி வீண். டியூன்2எஃப்எஸ் வைத்து 1 சதவீதமாகக் குறைத்தேன். ஒரு பார்ட்டிஷனையும் தொடாமல் 160 ஜிபி வந்தது. அடுத்த காவடிக்கு நான்காவது கேமரா கேட்டார்கள், சரி என்று சொல்லிவிட்டேன்.