புகையிலை சர்வேக்கு வீடு வீடா போனவங்க இருக்கீங்களா? உங்க அனுபவம் சொல்லுங்க

ஒயிட்சேப்பல்வாசி:
லண்டன்ல வங்காளதேச குடும்பங்கள்ல எடுத்த ஸ்டடி, யுனிவர்சிட்டியும் லோக்கல் கம்யூனிட்டி சென்டரும் சேந்து. நான் ஃபார்ம் நிரப்புற ஆளு, பேச்செல்லாம் சென்டர்ல இருந்து வந்த அக்கா, வங்காளதேசத்து சில்ஹெட் பக்கம். ஒரு வீட்ல வயசான அம்மா, ஒட்டி உக்காந்திருக்கு மருமக. புகையிலையா, தொடவே மாட்டேன்னாங்க. நானும் டிக் அடிச்சிட்டு கோட்டினின் டெஸ்ட்டுக்கு, அதான் உடம்புல நிக்கோட்டின் போயிருக்கான்னு காட்டற டெஸ்ட், எச்சில் எடுக்க பஞ்சு குடுத்தா, செக்கச்செவேல்னு வெளிய வருது. அக்கா கண்ணாலயே ஃபார்ம மூடச் சொல்லிட்டு, எனக்கும் ஒரு பான் மடிங்கன்னு சப்பணம் போட்டு உக்காந்துட்டாங்க. அப்புறம்தான் சோஃபா இடுக்குல இருந்து ஜர்தா டப்பா, பான்ல போடற வாசனைப் புகையிலை, வந்துச்சு. அதில்ல விஷயம், கிளம்பறப்ப மருமக படிக்கட்டு வரைக்கும் வந்து, எனக்கும் அந்த பஞ்சு டெஸ்ட் எடுப்பீங்களா, வீட்ல சொல்லமாட்டீங்கல்லன்னு கேட்டுச்சு. வீட்டுக்கு ஒருத்தர்தான் ரூல். முடியாதுன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.

குயின்ஸ்_மணி:
பஞ்சு சிவந்தா புகையிலையா? வெத்தலை பாக்கு சுண்ணாம்புக்கே சிவக்கும் பாஸ். புகையிலை இல்லாட்டியும் பாக்கே கேன்சர்தான், உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு ஐஏஆர்சி 2004லயே சொல்லியாச்சு, உங்க ஃபார்ம்ல பாக்குக்கு தனி கேள்வி இருந்துச்சா? இங்க நியூயார்க் ஜாக்சன் ஹைட்ஸ்ல குட்கா போடற டாக்ஸி டிரைவர் ஒருத்தர், வாயத் திறங்கன்னா ரெண்டு விரல் கூட நுழையல, பாக்குல வாய் இறுகிப்போச்சு, பல்லு வலின்னு நினைச்சிட்டு இருந்தாராம். நிக்க, இனிமே சர்வே போறவங்களுக்கு சொல்றேன், குடும்பத்து ஆள மொழிபெயர்க்க விடாதீங்க, ஒவ்வொருத்தரையும் தனியா உக்கார வச்சு கேளுங்க, சென்டர் ஆளுங்களுக்கு டீ வாங்கி குடுத்தா போதும்னு நினைக்காம பட்ஜெட்ல சம்பளம் போடுங்க, கேள்வி எழுதறப்பவே கூப்பிடுங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் பிரிண்ட் எடுத்து காட்டறதுக்கு பேரு பார்ட்னர்ஷிப் இல்ல, ரிசல்ட்ட பேப்பர்ல போடறதுக்கு முன்னாடி அந்த ஏரியாலயே கூட்டம் போட்டு சொல்லுங்க.

ஈஸ்ட்ஹாம்_பெட்டை:
மணி அண்ணா, அவர் சொல்ல வந்தது அதுவே? எங்கட அம்மம்மாவும் யாழ்ப்பாணப் பொயிலை இல்லாமல் வெத்திலை போடமாட்டா, டொக்டர் சிகரெட் பிடிப்பீங்களோ எண்டு கேட்டா இல்லை எண்டுதான் சொல்லுவா, நானும் பக்கத்தில பேசாமல் இருந்திருக்கிறன். தெற்காசிய ஆக்களுக்கெண்டே இங்க வைத்திய வழிகாட்டி போடுற நைஸ் அமைப்பு 2012ல புகைக்காத புகையிலைக்கு கைட்லைன் போட்டும் எங்கட ஜிபி, குடும்ப டொக்டர், அம்மம்மான்ர வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்ததில்லை. அந்த மருமகளுக்கு சென்டர் அக்கான்ர நம்பராவது குடுத்தனீங்களா?

ஒயிட்சேப்பல்வாசி:
நான் குடுக்கல. அக்கா மறுநாளே தனியா போய் பாத்துட்டு வந்தாங்களாம். என்ன பேசுனாங்கன்னு கேட்டேன், அது உன் ஃபார்ம்ல வராதுன்னுட்டாங்க.