ஆட்டுக்குத் தாடை வீங்குது, பூச்சி மருந்து குடுத்தும் கேக்குதில்ல, என்ன செய்யலாம்?

செங்கலடிப் பட்டி:
எல்லாருக்கும் வணக்கம். நம்மட்ட ஆடு நாப்பதுக்குக் கிட்ட நிக்கிது, கூட மாடும் இரிக்கி. மாரி மழை விட்டதில இருந்து ஆடு ஒண்டொண்டா வாடுது, கழிச்சலும் இல்ல, தீனும் தின்னுது, ஆனா தாடைக்குக் கீழ தண்ணி கட்டித் தொங்குது. பின்னேரம் மேஞ்சிட்டு வரக்குள்ள பெருசாத் தெரியும், விடிய ஒள்ளம் வத்திரும். மூணு செத்திட்டு. மூணு மாசத்துக்கு ஒருக்கா எல்லா ஆட்டுக்கும் தவறாம அல்பெண்டசோல் குடுத்துத்தான் வாறம், அப்ப ஏன் இப்பிடி? மருந்து போலியா இருக்குமா?

ஏறாவூர் காக்கா:
தம்பி ஐவர்மெக்டின் எண்ட பூச்சி ஊசியப் போடுங்க, எனக்கு அதுதான் கேட்ட. ஹஜ்ஜுக்கு வளக்கிற கிடாய்க்கெல்லாம் அதான் போடுற.

படுவான்கரைக் காத்து:
காக்கா, இண்டைக்குக் கேக்கும், அதையே வருசம் முழுக்கப் போட்டா அதுவும் கேக்காமப் போகும். மருந்து போலி எண்டு உடனே சொல்ல ஏலா தம்பி. செத்த ஆட்ட வெட்டிப் பாத்தீங்களா? நாலாவது இரைப்பையத் திறந்தா உள்ளுக்கு செவப்பும் வெள்ளையும் முறுக்கின நூல் மாதிரி ஒரு அங்குல நீளத்தில நெளிஞ்சிட்டு இருந்தா அது ஹீமோன்கஸ், ரத்தம் குடிக்கிற பூச்சி. ஒரு பெட்டைப் பூச்சி ஒரு நாளைக்கு அஞ்சாயிரத்துக்கு மேல முட்டை போடும், மழையும் சூடும் சேந்தா ஒரு கிழமையில அது குஞ்சாகிப் புல்லில ஏறி நிக்கும், ஆடு திண்டு மூணு கிழமையில அதுவும் முட்டை போடத் தொடங்கிரும். கழிச்சல் இல்லாம ரத்தம் மட்டும் வத்திறதும் தாடை வீங்கிறதும் அதாலதான்.

கண்ணுட கீழ் இமைய இழுத்துப் பாருங்க. நல்ல செவப்பெண்டா பயமில்ல, வெளிறி வெள்ளையா இருந்தா அந்த ஆட்டுக்கு உடனே மருந்து. தென்னாபிரிக்காவில இதுக்கு அஞ்சு நிறம் போட்ட ஃபமாச்சா எண்டு ஒரு அட்டையே செஞ்சி வச்சிருக்காங்க. செவப்பா நிக்கிறதுக்கு மருந்தே குடுக்கத் தேவல்ல.

மறுகா டோஸ். போத்தல்ல செம்மறிக்குப் போட்டிருக்கிற அளவு வெள்ளாட்டுக்குக் காணா, வெள்ளாடு அல்பெண்டசோல கெதியா உடம்பால வெளியேத்திரும், அதால ரெண்டு மடங்கு எண்டு சொல்றாங்க. ஆனா இந்தக் கணக்க லெவமிசோல் எண்ட மத்தப் பூச்சி மருந்துக்குப் போட்டிராதீங்க, கூடினா ஆடு நுரை தள்ளி நடுங்கி விழுந்திரும், சினைப்பட்ட புதுசில அல்பெண்டசோலும் கூடாது, டொக்டரக் கேட்டுட்டுக் குடுங்க. கண்ணால நிறை மதிச்சி அளவு குறைச்சிக் குடுக்கிறதுதான் மருந்தத் தாங்கிறதுக்குப் பூச்சிக்கு நல்ல பயிற்சி. 1961ல அல்பெண்டசோலுட இனத்து மருந்து தயபெண்டசோல் வந்திச்சி, 1964லயே அதுக்குச் சாகாத பூச்சியக் கண்டுட்டாங்க.

வெல்லாவெளி மாட்டுக்காரன்:
இதென்ன கத? கொஞ்ச ஆட்டுக்குப் பூச்சிய வயித்துக்குள்ளயே விட்டு வைக்கிறதா? வச்சிருந்தா மத்ததுக்கும் பரவாதா?

படுவான்கரைக் காத்து:
பரவும்தான் அண்ணே, அதுதான் வேணும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில குடுத்தா மருந்துக்குத் தப்பின பூச்சி மட்டும்தான் மிஞ்சும், அடுத்த மாரிக்குப் புல்லில நிக்கிறது முழுக்க அதுட வாரிசுதான். மருந்து படாத பூச்சியும் கொஞ்சம் இருந்தா ரெண்டும் கலந்து மருந்து இன்னும் கொஞ்சக் காலம் வேலை செய்யும். நியூசிலாந்தில செம்மறியும் இறைச்சி மாடும் சேத்து வளக்கிற பண்ணைகளுக்கு இப்ப இதத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க. அங்க செம்மறி மேஞ்ச தரையில மறுகா பெரிய மாட்ட விடுவாங்க, செம்மறிட பூச்சி கூடுதலா மாட்டுக்குள்ள வளராது, மாடு திண்டே தரையச் சுத்தம் பண்ணிரும். கண்டுக்குட்டிய விடக்கூடாது, அதுக்கு ஒள்ளம் ஒட்டும்.

வெல்லாவெளி மாட்டுக்காரன்:
நியூசிலாந்தில வேலி அடிச்சி துண்டு துண்டா வச்சிருக்கான். இங்க மட்டக்களப்பில மயிலத்தமடு மேச்சல்தரைக்கே ரோட்டில இருந்து போராட வேண்டி வந்த, நீங்க வேற.

படுவான்கரைக் காத்து:
அது நியாயம்தான், மறுக்கேல்ல. ஆனா வேலி இல்லாமலும் கொஞ்சம் செய்யலாம். அறுவடை முடிஞ்ச வட்டையில முதல்ல பெரிய மாட்டையும் எருமையையும் விடுங்க, ஆட்ட விடியவே பனிப் புல்லில இறக்காதீங்க. பூச்சிக் குஞ்சு புல்லடியில நாலஞ்சு அங்குலத்துக்குள்ளதான் கூட நிக்கும், அதால பத்தையில மேய விட்டாலோ கிளிசரிடியா, இப்பில் இப்பில் குழை வெட்டிக் கட்டித் தொங்கவிட்டாலோ பாதிப் பிரச்சினை குறையும். சந்தையில வாங்கின ஆட்ட ரெண்டு கிழமைக்காவது தனியக் கட்டுங்க, வாறதே அடுத்தவன்ட மருந்துக்குச் சாகாத பூச்சியோடதான்.

ஏறாவூர் காக்கா:
இதுக்குத் தடுப்பூசி ஒண்டும் இல்லையா?

படுவான்கரைக் காத்து:
ஒஸ்ரேலியாவில 2014ல செம்மறிக்கு பார்பர்வாக்ஸ் எண்டு ஒண்டு வந்திச்சி காக்கா, பூச்சியில இருந்தே எடுக்கிற. ஆறு கிழமைக்கு ஒருக்காப் போட்டுட்டே இருக்கணும். அத நம்பி இரிக்காதீங்க.

செங்கலடிப் பட்டி:
கண்ணப் பாத்தன், பதினொரு ஆடு வெள்ளை வெளேரெண்டு இரிக்கி. அப்ப இந்த அல்பெண்டசோல் கேக்குதா இல்லையா எண்டு எப்பிடிப் பிடிக்கிற?

படுவான்கரைக் காத்து:
மருந்து குடுக்கிற அண்டைக்கே பத்து ஆட்டுட புழுக்கை எடுங்க, நிலத்தில கிடக்கிறது வேணாம், குதத்தில இருந்தே. பத்தில இருந்து பதினாலு நாளுக்குள்ள அதே ஆடுகள்ள திரும்ப எடுங்க. மிருக வைத்தியர் கந்தோரில குடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்க. நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு குறையேல்லண்டா அந்த மருந்து உங்கட பட்டியில முடிஞ்சிட்டு. அண்டைக்கே கொண்டு போங்க, ஏலாட்டி ஃப்ரிட்ஜில வைங்க, ஃப்ரீசர்ல வேணாம், சூட்டில கிடந்தா முட்டை பொரிச்சிக் கணக்குப் பிழைக்கும்.

செங்கலடிப் பட்டி:
ஃப்ரிட்ஜில புழுக்கைய வச்சா மனிசி என்னையும் சேத்து வெளிய கட்டிருவா அண்ணே. விடியவே கந்தோருக்குப் போறன்.