கிரெயின் போட்டதும் ஆசிலேட்டர் மாறிப்போன அனுபவம் யாருக்காவது?

காலாப்பட்டு:
ஸ்பின் டார்க் ஆசிலேட்டர் (கரன்ட் கொடுத்தால் காந்தப் படலத்தின் காந்தத் திசை ஆடி மைக்ரோவேவ் தரும் சாதனம்), நானோ கான்டாக்ட் (கரன்ட் நுழையும் நுண்ணிய தொடுபுள்ளி), பெர்மல்லாய் (நிக்கல்-இரும்புக் கலவை). மூன்று மாதம் படலத்தை வழவழவென்று ஒரே பரப்பாக வைத்தே சிமுலேஷன் ஓட்டினேன். அதிர்வெண் வரைபடத்தில் ஊசி மாதிரி ஒரே கோடு. ஸ்பட்டர் செய்த (அணுக்களைத் தெறிக்கவிட்டுப் படியவைத்த) படலம் அப்படியா இருக்கும்? எல்லாம் 10 நானோமீட்டர் வாக்கில் கிரெயின்கள், அதாவது ஒட்டிக் கிடக்கும் குட்டிப் படிகங்கள். சரி என்று மம்மாக்ஸ் என்ற காந்த சிமுலேஷன் மென்பொருளில் வொரோனாய் (பரப்பைத் தற்செயலாகத் துண்டு போடும் முறை) கிரெயின் போட்டு, எல்லைகளில் எக்ஸ்சேஞ்சை (பக்கத்துப் பக்கத்துக் காந்தங்களை ஒரே திசையில் பிடித்து வைக்கும் பிணைப்பை) 30 சதவீதம் குறைத்து ராத்திரி ஓட விட்டேன். காலையில் பார்த்தால் இரண்டு கோடு. சீடு (கிரெயின் அமைப்பைத் தற்செயலாக உருவாக்கக் கொடுக்கும் எண்) 7க்கு இரண்டு, 8க்கு ஒன்று, அதுவும் வேறு இடத்தில். கரன்ட் அதேதான், காந்தப்புலமும் அதேதான். கையிலிருந்த டீ ஆறிவிட்டது. இப்போதெல்லாம் 'இந்தச் சாதனத்தின் அதிர்வெண்' என்று எழுதவே கை கூசுகிறது.

முதுநகர்:
என்னுடையது வோர்டெக்ஸ் டிஸ்க் (காந்தத் திசை சுழல் மாதிரி சுற்றி நிற்கும் வட்டு). அதன் மையமே 10 நானோமீட்டர்தான், கிரெயின் எல்லை கிடைத்தால் போய் ஒட்டிக்கொள்ளும். புலத்தை மெல்ல ஏற்றினால் வழுக்கிப் போகவில்லை, குதித்துக் குதித்துப் போனது. குதிப்புக்கு ஓர் அதிர்வெண். ஆனால் காலாப்பட்டு, எல்லாப் பழியையும் கிரெயின் தலையில் போடாதீர்கள். இந்த ஆசிலேட்டரில் வீச்சு ஆடினால் அதிர்வெண்ணும் ஆடும், அதனால் வெப்ப இரைச்சலே கோட்டைத் தடிக்க வைக்கும். வெப்பநிலையைப் பூஜ்யமாக வைத்துத்தானே ஓட்டினீர்கள்?

திருப்பாப்புலியூர்:
நம்ம ஊர் இரும்புக் கடையில் மாமாவிடம் துத்தநாக வாளியில் தெரியும் பூப்பூவான திட்டுகளைக் காட்டி, "ஒவ்வொன்றும் ஒரு கிரெயின் மாமா, என் வேலையே இதில்தான்" என்றேன். "ஒழுகாதுல்ல?" என்றார்.
அது போகட்டும், தம்பி காலாப்பட்டு, செல் (சிமுலேஷனில் படலத்தைப் பிரிக்கும் கட்டம்) அளவு எவ்வளவு? பெர்மல்லாயின் எக்ஸ்சேஞ்ச் நீளம் (காந்தத் திசை மாறத் தேவைப்படும் தூரம்) 5 நானோமீட்டர் சுமார். செல்லையும் 5 என்று வைத்தால் ஒரு கிரெயினுக்குக் குறுக்கே இரண்டே செல், எல்லைக் கோடு படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். 2.5க்கு இறக்குங்கள். ஒரே சீடை நம்பாதீர்கள், குறைந்தது இருபது சீடு ஓட்டி அதிர்வெண்களின் பரவலைப் போடுங்கள். கிரெயின் அளவை 20, 40 என்றும் மாற்றிப் பாருங்கள், கான்டாக்ட் அளவை நெருங்கும்போதுதான் வேடிக்கை. எல்லையில் 30 சதவீதம் என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள்? அதையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு யுபிஎஸ் வாங்கிவிடுங்கள், மழைக்காலம் வருகிறது.

காலாப்பட்டு:
யுபிஎஸ் இருக்கிறது அண்ணா. செல் 5தான், மாட்டிக்கொண்டேன். முதுநகர் சொன்னபடி 300 கெல்வினில் ஓட்டினேன். சீடு 8 தடித்துப்போனது, அவ்வளவுதான். சீடு 7 மட்டும் ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது, திரும்ப வருகிறது, மறுபடி தாவுகிறது.