ஆர்.வி.க்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

ம.செ., அட்லாண்டா (திங்கள் இரவு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்கள் அடுத்த மாதம் ஸ்மோக்கி மலைக்குப் போகின்றன. நான்கு ஆர்.வி. (உள்ளேயே படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் இருக்கும் பெரிய வண்டி) வாடகைக்கு எடுத்திருக்கிறோம், மற்றவர்களுக்குக் கூடாரம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளும் உடன் வருகிறார்கள். அவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்க இருபது பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன், வரைவை இணைத்திருக்கிறேன். வெள்ளி காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

ஆர்.வி. என்ற இடத்தில் சிக்கிக்கொண்டேன். இயந்திர மொழிபெயர்ப்பு ‘பொழுதுபோக்கு வாகனம்’ என்கிறது. அதை வாசித்த ஒரு தாத்தா, “பொருட்காட்சியில் சுற்றுமே, அதுவா?” என்று கேட்டார். சொல் வந்து உட்கார வேண்டிய இடங்கள் இவை:

“ரோரிங் ஃபோர்க் சாலையில் ____ செல்ல அனுமதி இல்லை.”
“கேட்ஸ் கோவ் ____இல் 40 அடி வரையுள்ள ____ நிறுத்தலாம். ஆனால் மின்சாரமோ தண்ணீரோ இணைத்துக்கொள்ள வசதி கிடையாது.”

கூடாரம் அடித்தோ வண்டியை நிறுத்தியோ இரவு தங்கும் கேம்ப்கிரவுண்டுக்கும் ஒரு சொல் வேண்டும். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடத்துக்கும், கரடியிடமிருந்து சாப்பாட்டைக் காப்பாற்றும் இரும்புப் பெட்டிக்கும்கூட வேண்டும். உதவுங்கள்.

இரா.கோ., தஞ்சாவூர்

அன்புள்ள அம்மா, இதற்கு ஏன் இவ்வளவு கலக்கம்? ‘வீட்டூர்தி’.

வீட்டை உடைய ஊர்தி என்று விரித்தால் உருபும் பயனும் உடன்தொக்க தொகை, டகரம் இரட்டிக்கும். வீடாகிய ஊர்தி என்று விரித்தால் அல்வழி. அப்போது ‘வீடூர்தி’ அல்லவா என்று ஒருவர் கேட்பார், எனக்குத் தெரியும். நன்னூலார் ‘வேற்றுமை மிகவே’ என்றுதான் சொன்னார், வேற்றுமையில் மட்டும் என்று சொல்லவில்லை. முரட்டுக் காளையும் குருட்டுக் கோழியும் அல்வழியில் இரட்டித்து நிற்கின்றன. ஆகவே எப்படி விரித்தாலும் வீட்டூர்திதான்.

த.அ., கோயம்புத்தூர்

ஐயா, புணர்ச்சியில் குறை இல்லை. பொருளில் இருக்கிறது. அறம், பொருள், இன்பம், வீடு. விடு என்பதிலிருந்து வந்தது வீடு. வீட்டூர்தி என்றால் வீடுபேற்றுக்குக் கொண்டுபோகும் ஊர்தி. அதற்கு நம் ஊரில் ஏற்கெனவே ‘அமரர் ஊர்தி’ என்று எழுதி, பக்கவாட்டில் மாலை மாட்டி வைத்திருக்கிறார்கள். எழுபது வயதுப் பெரியவரிடம் “உங்களுக்கு வீட்டூர்தி ஏற்பாடு செய்திருக்கிறோம்” என்று சொல்லிப் பாருங்கள்.

பேருந்து, மகிழுந்து, சரக்குந்து என்று ஒரு வரிசை நிலைபெற்றுவிட்டது. அதை ஒட்டி ‘உறையுந்து’. உறைதல், தங்குதல். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

கு.வே., பெங்களூரு

முக்காலத்துக்கும் பொருந்தும், முப்பொருளுக்கும் பொருந்துகிறதே, அதுதான் சிக்கல். உறைந்த உந்து, உறைகின்ற உந்து, உறையும் உந்து: எனக்கு ஐஸ்கிரீம் வண்டி நினைவுக்கு வருகிறது. ‘உறையூர்தி’ என்று மாற்றலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது திருச்சி உறையூரில் போய் நிற்கும்.

நான் பதினைந்து ஆண்டுகளாக மென்பொருள் திரைகளுக்குச் சொல் எழுதிப் பிழைப்பவன். வாசிப்பவர் ஒரு நொடிக்கு மேல் நின்றால் அந்தச் சொல் தோற்றது. தமிழ்நாட்டில் எவரைக் கேட்டாலும் இந்த வண்டிக்குப் பெயர் தெரியும்: கேரவன். கேரளச் சுற்றுலாத் துறை 2021இல் ‘கேரவன் கேரளா’ என்றே திட்டம் அறிவித்தது. நாம் மட்டும் ஏன் அல்லாட வேண்டும்?

ம.செ.

கேரவன் என்றால் பாட்டிகள் நடிகரைத் தேடுவார்கள், கு.வே. ‘டிரெய்லர்’ என்று ஒரு வகை இருக்கிறதே, காரின் பின்னால் கட்டி இழுப்பது, அதைச் சொன்னதும் என் மாமியார் “என்ன படம்?” என்றார்.

இரா.கோ.

அமரர் ஊர்தி பற்றித் தம்பி சொன்னது வேடிக்கைக்கு நன்றாக இருக்கிறது. வீடு என்ற சொல்லுக்கு முக்தி என்று பொருள் இருப்பதால் வீட்டு வரியை யாரும் முக்தி வரி என்று எண்ணிக் கட்டாமல் இருக்கிறார்களா?

ஆனால் இரவு யோசித்துப் பார்த்ததில் வேறொன்று தோன்றியது. நாம் இதைப் புதிய பொருள் என்று நினைப்பதே பிழை. உமணரை மறந்துவிட்டோம். உப்பு ஏற்றிய வண்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு, மனைவி மக்களோடு மாதக்கணக்கில் சாலையிலேயே வாழ்ந்தவர்கள். பெரும்பாணாற்றுப்படையில் அந்த வண்டியை உறுப்பு உறுப்பாகக் காணலாம். காடி வைத்த கலத்தைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ‘மகவுடை மகடூஉப் பகடு புறந்துரப்ப’, அதாவது கைக்குழந்தைக்காரி மாட்டை ஓட்டுகிறாள். ஊறுகாய்ப் பானையும் குழந்தையும் ஏறிய வண்டி வீடு இல்லாமல் வேறென்ன?

புறநானூற்று 102ஆம் பாட்டையும் பாருங்கள். எருது இளையது, சகடத்தில் பாரம் பெரிது. ‘அவல் இழியினும் மிசை ஏறினும்’ என்ன நேருமோ என்று உமணர் கீழ்மரத்தில் ஒரு சேம அச்சைக் கட்டிவைத்துக்கொள்கிறார்கள். ஔவை அதியமான் மகனுக்குச் சொன்ன உவமை. நீங்கள் ஏறப்போகும் நியூஃபவுண்ட் கேப் கணவாய் 5,046 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே அவல் இழிந்து மிசை ஏறப்போகும் வண்டிக்கு அந்தப் பாட்டிலிருந்தே பெயர் எடுக்கலாம். ஸ்டெப்னிக்கும் ‘சேமச் சக்கரம்’ என்று ஒரு சொல் இலவசமாகக் கிடைக்கிறது.

த.அ.

‘சகடம்’ வடசொல்.

இரா.கோ.

ஔவைக்குக் கடிதம் எழுதுங்கள்.

நி., டொராண்டோ

வண்டிச் சண்டையில் நான் தலையிடவில்லை. எங்கள் ஊரில் அது வண்டில். அதற்கு வேறு சண்டை வேண்டும்.

கேம்ப்கிரவுண்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். ம.செ. தன் வரைவில் ‘முகாம்’ என்று போட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். என் அம்மா 2009இல் முட்கம்பி வேலிக்குள் ஏழு மாதம் இருந்தவர். போன கோடையில் பிள்ளைகள் “அம்மம்மா, முகாமுக்குப் போகிறோம்” என்று துள்ளியபோது அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எங்களுக்கு அகதி முகாம், இராணுவ முகாம், தடுப்பு முகாம் தவிர வேறு முகாம் கிடையாது. உங்கள் பள்ளியிலும் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் இருக்கும்.

ம.செ.

இருக்கிறார்கள், அக்கா. மூன்று குடும்பங்கள். எனக்கு இது தோன்றவே இல்லை. எல்லா இடத்திலும் எடுத்துவிடுகிறேன்.

இரா.கோ.

முகாம் அரபுச் சொல், போனால் போகட்டும். நமக்குப் ‘பாசறை’ இருக்கிறது. முல்லைப்பாட்டில் காட்டைத் திருத்தி, முள்வேலி வளைத்து, ‘படுநீர்ப் புணரியின் பரந்த பாடி’ அமைக்கிறார்கள். அங்கே கூடாரம் அடிக்கும் காட்சியும் வருகிறது, ‘குத்திக் கயிறு வாங்கு இருக்கை’ என்று. முளையைக் குத்து, கயிற்றை இழு. இன்றைக்குக் கடையில் வாங்கும் கூடாரத்தோடு வரும் விளக்கத் தாளில் இதற்கு மேல் என்ன இருக்கிறது?

கு.வே.

ஐயா, பாசறை அரசன் போருக்குப் போகும் இடம். தலைவி வீட்டில் அழுதுகொண்டிருப்பாள். இங்கே தலைவியும் உடன் வருகிறாள். மாரினேட் செய்த கோழியும் கொண்டு வருகிறாள். போதாக்குறைக்கு இன்று பாசறை என்றால் கட்சி இளைஞர் அணி. நி. சொன்ன முள்வேலியும் அதிலேயே இருக்கிறது, நீங்களே எடுத்துக் காட்டிவிட்டீர்கள்.

‘கூடாரத் திடல்’ போதும்.

த.அ.

வண்டியில் தூங்குபவனுக்கு ஏது கூடாரம்? ‘தங்குதிடல்’ என்று வையுங்கள். கூடாரமும் அடங்கும், உறையுந்தும் அடங்கும்.

நி.

தங்குதிடல் நன்றாக இருக்கிறது. முதன்முறையாகத் த.அ.வோடு உடன்படுகிறேன், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ம.செ. (புதன்)

தங்குதிடல் உள்ளே போய்விட்டது, நன்றி. அடுத்து கழிவு. கேட்ஸ் கோவில் தொட்டியைக் காலி செய்ய ஓர் இடம் உண்டு. ஆர்.வி. காரர்கள் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீரைச் ‘சாம்பல் நீர்’ என்றும், கழிப்பறைத் தண்ணீரைக் ‘கரு நீர்’ என்றும் பிரிக்கிறார்கள். அப்படியே எழுதினேன். “சாம்பல் நீர் பாத்திரம் துலக்கவா?” என்று கேட்கிறார் ஒரு பாட்டி.

கு.வே.

நியாயமான கேள்வி. நிறத்தை விட்டுவிடுங்கள். ‘குளியல் கழிநீர்’, ‘கழிப்பறைக் கழிநீர்’, ‘கழிநீர் கொட்டுமிடம்’. இதற்கெல்லாம் சங்க இலக்கியத்தில் இடம் தேட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இரா.கோ.

நான் ஒன்றும் சொல்லவில்லையே.

கரடிப் பெட்டியைப் பற்றிச் சொல்லலாமா? வரைவில் ‘கரடிப் பெட்டி’ என்று இருக்கிறது. அது கரடியை வைத்த பெட்டி. ‘கரடி புகாப் பெட்டி’ என்று திருத்துங்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். அந்த ‘ப்’ இல்லாவிட்டால் கரடி புகுந்துவிடும்.

கு.வே.

கரடி பெட்டிக்குள் புகுவதில்லை, ஐயா. திறக்கிறது. ‘கரடி திறவாப் பெட்டி’.

த.அ.

திறக்க முயலும்; முடியாது. ‘கரடி திறக்கவியலாப் பெட்டி’.

ம.செ.

‘கரடி திறவாப் பெட்டி’. முடிந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு. கரடியிலிருந்து குறைந்தது 150 அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற வரி பக்கத்திலேயே வருகிறது. அதையாவது சிரிக்காமல் வாசிக்கிறார்களா பார்ப்போம்.

இன்னொன்று. மலையின் உச்சி 6,643 அடி. கிளிங்மன்ஸ் டோம் என்று இருந்த பெயர் 2024 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகக் குவோஹி என்று மாறியது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் மொழியில் மல்பெரி இருக்கும் இடம் என்று பொருளாம். தமிழில் பெயர்க்கலாமா?

இரா.கோ.

முசுக்கட்டை! ‘முசுக்கட்டை மேடு’. முசு என்பது குரங்கில் ஒரு வகை. அந்தக் குரங்குக்கும் இந்தக் கட்டைக்கும்...

நி.

நிறுத்துங்கள் ஐயா. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புத் தளபதியாக இருந்த ஒருவரின் பெயரை எடுத்துவிட்டு, செரோக்கி மக்கள் கேட்டு வாங்கிய சொந்தப் பெயர் அது. அந்தப் பெயர் மீண்டு வந்த சூடே இன்னும் ஆறவில்லை, அதற்குள் நாம் மொழிபெயர்க்கக் கிளம்பினால் எப்படி? குவோஹி என்றே எழுதி, கீழே பொருளைச் சொல்லுங்கள். ஊர்ப்பெயரை அடுத்தவர் தம் வாய்க்கு ஏற்ப மாற்றினால் எப்படி இருக்கும் என்று தஞ்சாவூர்க்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்?

இரா.கோ.

டாஞ்சோர்! ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முசு பற்றித் தனியாக எழுதுவேன்.

கு.வே. (வியாழன்)

நாளை அச்சு. வண்டிக்கு இன்னும் பெயர் இல்லை. நான் கேரவனைக் கைவிடுகிறேன். ‘படகு வீடு’ என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல். யாரும் அகராதி பார்ப்பதில்லை. அதே அச்சில் ‘வண்டிவீடு’. அமரரும் இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை.

த.அ.

வாக்கியத்தில் பொருத்திப் பாருங்கள். “ரோரிங் ஃபோர்க் சாலையில் வண்டிவீடு செல்ல அனுமதி இல்லை.” வீடு எப்படி ஐயா செல்லும்? “40 அடி வரையுள்ள வீடு நிறுத்தலாம்.” கட்டலாம், இடிக்கலாம், நிறுத்துவது எப்படி? காவலர் தடுத்து ஓட்டுநர் உரிமம் கேட்டால் அது ஊர்தி. தலைச்சொல் ஊர்தியாகவோ உந்தாகவோதான் இருக்க வேண்டும்.

நி.

அப்படியானால் வீட்டு வண்டி.

கு.வே.

“எங்கள் வீட்டு வண்டி ரிப்பேர்” என்று தினமும் சொல்கிறோமே, அக்கா. அது மாருதி.

இரா.கோ.

கூண்டு வண்டி இருக்கிறது. என் சிறு வயதில் வைத்தீசுவரன் கோயிலுக்கு முடியிறக்க அதில்தான் போனோம். வில்லாக வளைத்த மூங்கில் கூண்டு, உள்ளே வைக்கோல் பரப்பி ஜமுக்காளம், அடியில் கட்டித் தொங்கும் அரிக்கேன் விளக்கு. வழியில் ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிச் சமைத்தோம். நீங்கள் இப்போது டாலர் கொடுத்துச் செய்வதைத்தான் செய்தோம். தாத்தா பாட்டிகளுக்குச் சொன்னதும் புரியும்.

ம.செ.

புரிந்துவிட்டது, ஐயா. கேட்டுப் பார்த்தேன். “மாடு எங்கே?” என்கிறார்கள்.

இரவு பத்து மணி. வாக்கெடுப்பு வைத்துவிட்டேன், பள்ளி ஆசிரியர்களையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். வண்டிவீடு 6, கூண்டு வண்டி 4, வீட்டூர்தி 2, உறையுந்து 1. பெரும்பான்மை கிடையாது, ஆனால் எனக்குத் தூக்கம் வருகிறது. வண்டிவீடு. முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘ஆர்.வி. எனப்படும் வண்டிவீடு’ என்று போடுகிறேன். விறகு பற்றிய பக்கத்தில், வெளியிலிருந்து கொண்டு வருவதாக இருந்தால் வெப்பமூட்டிச் சான்றளித்த விறகு மட்டும் என்று நீட்டி எழுதிவிட்டேன். அதற்கும் கலைச்சொல் தர வேண்டாம்.

த.அ.

பதின்மூன்றில் ஆறு. பதிவுக்காகச் சொல்கிறேன்: வீடு செல்லாது, நிற்காது. என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. அந்த ஓர் ஓட்டும் என்னுடையது அல்ல, நான் வாக்களிக்கவில்லை. யாரோ ஒருவர் இருக்கிறார்.

நி.

நான்தான்.

இரா.கோ. (வெள்ளி காலை)

அம்மா, நேற்றிரவு அனுப்பிய மெய்ப்பை முழுவதும் பார்த்துத் திருப்பிவிட்டேன். ஒற்றுப் பிழை பதினொன்று. ஏழாம் பக்கத் தலைப்பில் நான் முதலில் சொன்ன ‘வீட்டூர்தி’ அப்படியே நிற்கிறது. அதில் ஒற்றுப் பிழை ஏதும் இல்லாததால் நான் கை வைக்கவில்லை.