காரியர் டெஸ்ட்: முதலில் டோனருக்கா, பெண்ணுக்கா?

பங்சார்வாசி:
டோனர் விந்தணு எடுக்கப் போற பெண்ணுக்கு 300, 400 ஜீனை ஒரே தடவையில பார்க்கிற பேனல் டெஸ்ட் எழுதிக் கொடுக்கிறாங்க. வெள்ளியைத் தண்ணியில போடுற வேலை. டோனர் ரிப்போர்ட் விந்தணு வங்கியில இருக்கு. அவர் எதுக்குக் காரியரோ (தனக்கு நோய் இல்லாம பழுதான ஜீனைச் சுமக்கிறவர்), அந்த ஒண்ணு ரெண்டு ஜீனை மட்டும் பெண்ணுக்குப் பார்த்தாப் போதும். ஒரே ஜீன்ல ரெண்டு பக்கமும் பழுது இருந்தாத்தான் குழந்தைக்கு 25 விழுக்காடு ஆபத்து.

புலாவ்தீக்குஸ்:
அந்த ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க. என்னென்ன ஜீன் பார்த்தாங்கன்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். பழைய டோனர்னா சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலைப் பாதிக்கிற நோய்), எஸ்எம்ஏ (தசை பலவீனமாகுற நரம்பு நோய்), ஹீமோகுளோபின் (தலசீமியா மாதிரி இரத்த நோய்), அவ்வளவுதான். பார்க்காத ஜீனை "நெகட்டிவ்"னு எடுத்துக்க முடியாது. அதோட, அந்த டோனர் ஸ்டாக் தீர்ந்தா? புது டோனர், புது டெஸ்ட், இன்னும் சில வாரம், ஒரு சிகிச்சைச் சைக்கிள் போச்சு. பெண்ணுக்கு ஒரு தடவை அகலமாப் பார்த்துட்டா எந்த டோனரோடவும் ஒப்பிடலாம்.

இன்னொண்ணு, டுஷேன் (தசைச் சிதைவு நோய்) மாதிரி எக்ஸ் குரோமோசோம் நோய். ஆரோக்கியமான ஆண் அதுக்குக் காரியரா இருக்க முடியாது, வந்தா பெண் வழியாத்தான். டோனர் ரிப்போர்ட் இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. 2021-ல அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி பரிந்துரைச்ச 113 ஜீன்ல 16 இந்த வகை.

பங்சார்வாசி:
அந்த ஆபத்து கணவர் விந்தணுன்னாலும் அதேதானே? அப்போ யாரும் கேட்கிறதில்ல. அகலமாத் தேடினா யாருக்கும் ஏதாவது ஒண்ணு சிக்கும். சிக்கினதும் நல்ல டோனரைத் தூக்கிப் போடுறாங்க.

லேப்மேசை:
டோனரைத் தூக்கிப் போடுறதும் தப்பு, ஆபத்தைக் கவனிக்காம விடுறதும் தப்பு. ரெண்டும் ரிப்போர்ட்டைத் தப்பாப் படிக்கிறதால வருது. உதாரணமா, பழுதோட குறியீடு டோனர் தாளில் "சி.79ஜி>ஏ", பெண் தாளில் "சி.92+5ஜி>சி". வேற வேற எழுத்து, ஒத்துப்போகலைன்னு விட்டுடுவாங்க. முதலாவது ஹீமோகுளோபின் ஈ, ரெண்டாவது இந்தியர்கிட்ட அதிகம் காணப்படுற பீட்டா தலசீமியா (இரத்தச்சோகை தர்ற பரம்பரை நோய்) பிறழ்வு. ரெண்டும் ஒரே பீட்டா குளோபின் ஜீன். நாலில் ஒரு வாய்ப்பு, குழந்தை ஈ-பீட்டா தலசீமியாவோட பிறக்கும். ஒப்பிட வேண்டியது ஜீனை, எழுத்தை இல்லை.

ஆல்ஃபா தலசீமியாவில் நேர்மாறு, எந்த நீக்கம்னு பார்க்கணும். ரெண்டு பேருக்கும் 3.7 நீக்கம் (ஒரு பக்கத்து ரெண்டு ஆல்ஃபா ஜீன்ல ஒண்ணு இல்லாதது) மட்டும்னா, மோசமானாலும் குழந்தைக்கு நாலு ஆல்ஃபா ஜீன்ல ரெண்டு குறையும், நோயாகாது. அதே 3.7-ஓட எதிர்ப்பக்கம் எஸ்.இ.ஏ. நீக்கம் (அந்தப் பக்கத்து ரெண்டுமே இல்லாதது) வந்தா, மூணு குறைஞ்சு ஹீமோகுளோபின் எச் நோய். ரெண்டு பக்கமும் எஸ்.இ.ஏ.ன்னா கரு வயித்திலேயே நீர் கோத்துப் போயிடும்.

தலசீமியாவுக்கு முதல்ல மலிவான டெஸ்ட்: முழு இரத்த எண்ணிக்கை. எம்சிவி (சிவப்பணுவோட அளவு) 80-க்குக் கீழே, அல்லது எம்சிஎச் (ஒரு சிவப்பணுவில இருக்கிற ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழேன்னா எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சுப் பார்க்கிற டெஸ்ட்). இரும்புச்சத்து குறைஞ்சிருந்தா பீட்டா காரியரைக் காட்டிக் கொடுக்கிற ஹீமோகுளோபின் ஏ2 அளவு தாழ்ந்து பீட்டா காரியர் மறைஞ்சுடலாம். ஆல்ஃபா காரியர் எச்பிஎல்சியில பெரும்பாலும் சிக்கமாட்டார், டிஎன்ஏ வேணும். மலேசியப் பள்ளியில படிவம் 4 தலசீமியா சோதனை 2016-லதான் ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி படிச்சவங்க அதை நம்பி இருக்க வேண்டாம்.

புலாவ்தீக்குஸ்:
"வங்கி எதுக்கு, கொழுந்தன் கொடுக்கட்டுமே"ன்னு சொல்ற வீடும் உண்டு. கட்டினது அத்தை மகனைன்னா, அவர் தம்பியும் அத்தை மகன்தான். ஜீன்ல எட்டில் ஒரு பங்கு பொது, ஆள் மாறினதால எதுவும் குறையலை. தாய்மாமனைக் கட்டியிருந்தா நாலில் ஒண்ணு. அங்கே ரெண்டு பேருக்கும் அகலமான பேனல் ஒரே நேரத்துல போகணும். குடும்பத்துக்கே உரிய அபூர்வப் பிறழ்வை எந்தப் பேனலும் தவறவிடலாம்.

லேப்மேசை:
வாங்குறதுக்கு முன்னாடி வங்கிகிட்ட ஒரு கேள்வி: தேவைப்பட்டா டோனரோட டிஎன்ஏ கிடைக்குமா? ரெண்டு பேருக்கும் ஒரே ஜீன்ல பழுது இருந்து, கருவை உறைய வச்சாச்சுன்னா, கருவை வடிகட்டுற டெஸ்ட்டுக்கு ரெண்டு பேர் டிஎன்ஏவும் வச்சுத்தான் லேப் தயாராகும். கிடைக்கலைன்னா ஒரு குப்பி விந்தணுவை எடுத்து வைங்க, அதிலிருந்தும் டிஎன்ஏ எடுக்கலாம்.

பங்சார்வாசி:
சரி, தலசீமியாவும் எஸ்எம்ஏவும் முதல்ல பெண்ணுக்கு. அதுல வாதம் இல்லை. மிச்சத்துக்கு டோனர் தாளை வச்சு ஜீன் ஜீனாப் பார்ப்போம். 300-க்கு இன்னும் சம்மதம் இல்லை.