ஒரே நேரத்தில் ஆறு செருகுநிரல்களைப் புதுப்பித்த பின் வேர்ட்பிரஸ் தளம் முடங்கிவிட்டது, உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வேர்ட்பிரஸ் தளத்தை மூன்று ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நேற்றிரவு புதுப்பிப்புக்குக் காத்திருந்த ஆறு செருகுநிரல்களையும் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் நிரல்கள்) ஒரே சொடுக்கில் புதுப்பித்தேன். அப்போது முதல் முகப்பிலும் நிர்வாகப் பக்கத்திலும் 'இந்தத் தளத்தில் ஒரு முக்கியமான பிழை ஏற்பட்டுள்ளது' என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சர்வரில் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) 8.1 உள்ளது. பழுதை அறிவித்து மீட்பு இணைப்போடு வர வேண்டிய அஞ்சலும் வரவில்லை. நூல்களைத் திருப்பித் தர வேண்டிய நாளை உறுப்பினர்களுக்கு நினைவூட்டும் அஞ்சல்கள் இந்தத் தளத்திலிருந்துதான் செல்கின்றன என்பதால் மிகவும் கவலையாக இருக்கிறது.

மறுமொழி 1

வணக்கம். தரவு எதுவும் அழிந்திருக்க வாய்ப்பில்லை, பதற வேண்டாம். ஹோஸ்டிங் கணக்கின் கோப்பு மேலாளரில் 'டபிள்யூபி-கன்டென்ட்' கோப்புறைக்குள் இருக்கும் 'பிளகின்ஸ்' கோப்புறைக்கு வேறொரு பெயர் வைத்துவிட்டு, நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து செருகுநிரல்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள். கோப்புகள் கிடைக்காததால் வேர்ட்பிரஸ் எல்லாவற்றையும் முடக்கிவிடும். பிறகு பழைய பெயரையே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அமைப்புகள் தரவுத்தளத்தில் இருப்பதால் அவை அப்படியே இருக்கும்.

2019-இல் வந்த 5.2 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் மீட்பு அஞ்சலை அனுப்புகிறது. ஆனால் அந்த அஞ்சலும் உங்கள் தளத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அஞ்சல் அனுப்பும் செருகுநிரலே பழுதில் சிக்கியிருந்தால் அது வராமற்போவது இயல்பு.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா, தளம் திரும்பிவிட்டது. ஆனால் குழப்பம் தீரவில்லை. பதினான்கு செருகுநிரல்களையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து, முடக்கிவிட்டு, அடுத்ததற்குச் சென்றேன். ஒன்றுகூடப் பழுது காட்டவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து இயக்கினால் மட்டும் மீண்டும் அதே பிழைத் திரை வருகிறது.

மறுமொழி 2

செருகுநிரல்கள் எழுதும் பணியில் இருப்பதால் சொல்கிறேன்: நீங்கள் விவரிப்பது உண்மையான மோதல். தனித்தனியே சோதித்தால் அது ஒருபோதும் அகப்படாது. முந்தையதை முடக்காமல் அடுத்தடுத்ததை இயக்கிக்கொண்டே போக வேண்டும். அதைவிட விரைவான வழி பதிவுக் கோப்பைப் படிப்பதுதான். 'டபிள்யூபி-கன்ஃபிக்' கோப்பில் 'டபிள்யூபி டீபக்', 'டபிள்யூபி டீபக் லாக்' ஆகிய இரண்டையும் 'ட்ரூ' என்றும், 'டபிள்யூபி டீபக் டிஸ்ப்ளே' என்பதை 'ஃபால்ஸ்' என்றும் அமைத்துவிட்டு, பழுதை மறுபடி வரவழையுங்கள். 'டபிள்யூபி-கன்டென்ட்' கோப்புறையில் உருவாகும் 'டீபக் லாக்' கோப்பில், 'ஃபேட்டல் எரர்' எனத் தொடங்கும் கடைசி வரியை இங்கே எழுதுங்கள். கடவுச்சொற்களோ உறுப்பினர் விவரங்களோ இருந்தால் நீக்கிவிடுங்கள்.

கேட்டவர்

அந்த வரியின் சாரம் இது: மோனோலாக் லாகரின் 'எமர்ஜென்சி' என்ற செயற்கூறு, பிஎஸ்ஆர் லாக்கின் 'லாகர் இன்டர்ஃபேஸ்' கோரும் வடிவத்தோடு ஒத்துப்போகவில்லை. இறுதியில் உள்ள கோப்பின் பாதை அஞ்சல் செருகுநிரலுக்குள் செல்கிறது. ஆனால் நான் புதுப்பித்த ஆறில் அது இல்லையே! எட்டு மாதங்களாக அதைத் தொடவே இல்லை.

மறுமொழி 2

அந்த வரி அடிபட்டவரைக் காட்டுகிறது, அடித்தவரைக் காட்டவில்லை.

ஒரு பக்கத்தைத் திறக்கும்போது எல்லாச் செருகுநிரல்களும் ஒரே பிஎச்பி இயக்கத்துக்குள், ஒரே நினைவகத்தில் ஏறுகின்றன. அங்கே ஒரு பெயரில் ஓர் இன்டர்ஃபேஸ்தான் (ஒரு நிரலின் செயற்கூறுகள் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் வரையறை) இருக்க முடியும். பதிவுக் கோப்பு எழுதுவதற்கான பொது நிரல் நூலகமான (பலரும் எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்பு) பிஎஸ்ஆர் லாக்கைப் பல செருகுநிரல்கள் தத்தம் கோப்புறைக்குள் வைத்திருக்கின்றன. 2021-இல் வந்த அதன் 3-ஆம் பதிப்பில் ஒவ்வொரு செயற்கூறும் என்ன வகைத் தரவைப் பெற வேண்டும், எதைத் திருப்பித் தர வேண்டும் என்பது கண்டிப்பாக வரையறுக்கப்பட்டது. உங்கள் அஞ்சல் செருகுநிரலும், அதனுள் இருக்கும் மோனோலாக் என்ற பதிவு எழுதும் நிரலும் 1-ஆம் பதிப்பை நம்பி எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். நேற்று புதுப்பித்தவற்றில் ஏதோ ஒன்று 3-ஆம் பதிப்பைக் கொண்டுவந்து முதலில் ஏற்றிவிட, பின்னால் வந்தது அதனோடு பொருந்தாமல் பிஎச்பி நின்றுவிட்டது.

கோப்பு மேலாளரின் தேடலில் 'லாகர் இன்டர்ஃபேஸ்' என்ற கோப்புப் பெயரை ஆங்கிலத்தில் இட்டுப் பாருங்கள். எந்தெந்தச் செருகுநிரலுக்குள் அது இருக்கிறதோ, அவற்றிடையேதான் மோதல்.

கேட்டவர்

இரண்டு இடங்களில் கிடைத்தது: ஒன்று அஞ்சல் செருகுநிரல், மற்றொன்று நேற்று புதுப்பித்த காப்புநகல் செருகுநிரல். இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்து பார்த்தேன். ஒன்றில் 'மெசேஜ்' என்ற சொல் தனியே நிற்கிறது. மற்றொன்றில் அதன் முன் 'ஸ்ட்ரிங்' என்றும், வரியின் முடிவில் 'வாய்ட்' என்றும் எழுதியிருக்கிறது. இவ்வளவு சிறிய வேறுபாடு முழுத் தளத்தையும் நிறுத்துமா?

மறுமொழி 3

இடையில் ஓர் ஐயம். செருகுநிரல்கள் கோப்புறைப் பெயரின் அகரவரிசையில் ஏறுகின்றன என்பதால், கோப்புறையின் பெயரை மாற்றி அஞ்சல் செருகுநிரலை முன்னே கொண்டுவந்தால் போதாதா?

மறுமொழி 2

போதாது. அப்போது 1-ஆம் பதிப்பு முதலில் ஏறி, காப்புநகல் செருகுநிரல் விழும். பெயரை மாற்றினால் அதற்குரிய புதுப்பிப்புகளும் நின்றுவிடக்கூடும்.

கேட்டவருக்கு: ஆம், நிறுத்தும். 'ஸ்ட்ரிங்' என்பது பெறும் தரவு உரையாக இருக்க வேண்டும் என்றும், 'வாய்ட்' என்பது எதையும் திருப்பித் தரக் கூடாது என்றும் சொல்கின்றன. இன்டர்ஃபேஸ் என்பது ஒப்பந்தம் போன்றது. அதை மீறும் நிரல் வகுப்பை (செயற்கூறுகளின் தொகுப்பு) பிஎச்பி ஏற்காது. முதலில் அஞ்சல் செருகுநிரலுக்குப் புதிய பதிப்பு உள்ளதா எனப் பாருங்கள். இல்லையெனில், தரவுத்தளத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, வேர்ட்பிரஸ் செருகுநிரல் பக்கத்தின் 'மேம்பட்ட காட்சி'யிலிருந்து காப்புநகல் செருகுநிரலின் முந்தைய பதிப்பை எடுத்து, ஜிப் கோப்பாகப் பதிவேற்றுங்கள். இருப்பதை மாற்றவா என்று வேர்ட்பிரஸே கேட்கும். 2024-இல் வந்த வேர்ட்பிரஸின் 6.6 பதிப்பு, கோளாறு தரும் தானியங்கிப் புதுப்பிப்புகளைத் தானே பின்வாங்கிவிடும். நீங்கள் கையால் புதுப்பித்ததால் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

நிலையான தீர்வு செருகுநிரல்களை எழுதிய ஆசிரியர்களின் கையில்தான் உள்ளது. பிஎச்பி ஸ்கோப்பர், ஸ்ட்ராஸ் போன்ற கருவிகளால் அந்த நிரல் நூலகத்தின் பெயருக்கு முன் தங்களுக்கே உரிய முன்னொட்டைச் சேர்த்துவிட்டால் இந்த மோதலுக்கு இடமே இராது. இதைக் கேட்டு இருவருக்கும் எழுதுங்கள். பதிவுக் கோப்பின் வரியையும் அவசியம் இணையுங்கள்.

கேட்டவர்

அஞ்சல் செருகுநிரலுக்குப் புதிய பதிப்பு இல்லை. ஆகவே காப்புநகல் செருகுநிரலைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவந்தேன். பதினான்கும் சேர்ந்து இயங்குகின்றன. தேங்கியிருந்த நினைவூட்டல்கள் இன்று காலை சென்றுவிட்டன. இரண்டு ஆசிரியர்களுக்கும் அந்த வரியோடு எழுதியிருக்கிறேன். டீபக் அமைப்புகளைப் பழையபடி மாற்றிவிட்டேன். பதிவுக் கோப்பை அங்கேயே விட்டுவைக்கலாமா?

மறுமொழி 2

நீக்கிவிடுங்கள். பல சர்வர்களில் அதன் முகவரி தெரிந்த எவரும் அதைத் திறந்து படிக்க முடியும்.