விலை கூடிய டோஸ்டர் உண்மையிலேயே காலத்துக்கும் உழைக்குமா?

காலைப்பொழுது:
சாதாரண டோஸ்டரைவிடப் பல மடங்கு விலையில், "ஆயுளுக்கும் உழைக்கும்" என்று சொல்லிச் சில டோஸ்டர்களை விற்கிறார்கள். இரண்டிலும் சூடேறுவது ஒரே கம்பிதானே? கூடுதல் காசு எதற்குப் போகிறது? வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

திருப்புளி:
ஆமாம், கம்பி ஒன்றேதான். நைக்ரோம்: பெரும்பாலும் 80% நிக்கல், 20% குரோமியம். சூட்டில் மேலே படியும் குரோமியம் ஆக்சைடுதான் கம்பியைக் காக்கிறது. ஒவ்வொரு முறையும் கம்பி விரிந்து சுருங்க, அந்தப் படலம் வெடிக்கும், ஓரிடம் மெலியும், மெலிந்த இடமே அதிகம் சூடாகி அங்கேயே அறும். எந்த விலைக்கும் இதுதான் கதி. அதனால் "அறுமா" என்று கேட்காதீர்கள், "அறுந்தால் மாற்ற முடியுமா" என்று கேளுங்கள்.

மலிவானவற்றில் கம்பியைச் சூடு தாங்கும் மைக்கா தகட்டில் சுற்றி, முனையை வெல்டு வைத்து, உறையைத் தகர நாக்குகளை மடித்து மூடியிருப்பார்கள். இரண்டு தடவை பிரித்தால் நாக்கு ஒடிந்துவிடும். அறுந்த கம்பிக்குச் சாதாரண ஈயப் பற்று நிற்காது, உருகி ஓடிவிடும். முறுக்கி விட்டாலோ தொடுப்பு தளர்ந்து மறுபடி அங்கேயே எரியும்.

கடையில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஸ்க்ரூ இருக்கிறதா? எலிமென்டும் (கம்பி சுற்றிய தகடு) டைமரும் தனி உதிரிபாகமாகக் கிடைக்கின்றனவா? இல்லையென்றால் நீங்கள் கொடுப்பது பளபளக்கும் உறைக்கான விலை.

வெண்கலம்:
நல்ல உதாரணம், 1945-இல் தொடங்கிய பிரிட்டன் நிறுவனமான டூவலிட்டின் கிளாசிக் வகை. சாவி முடுக்கும் கடிகாரம் போன்ற டைமர். நேரம் முடிந்தால் மின்சாரம் நிற்கும், ரொட்டி தானாகத் துள்ளாது, லீவரால் நாம்தான் தூக்க வேண்டும். எலிமென்டைத் தனியாக மாற்றலாம். குறையும் உண்டு: உடம்பு சூடேறிய பின் இரண்டாம் சுற்றுக்கு நேரத்தை நாமே குறைக்க வேண்டும், மறந்தால் கருகும். வாரத்துக்கு நாலு துண்டு சுடும் வீட்டுக்கு இது தேவையே இல்லை.

மல்டிமீட்டர்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். அழுத்திய லீவர் கீழே நிற்கவில்லை என்றே நிறைய டோஸ்டர்கள் குப்பைக்குப் போகின்றன. லீவரைக் கீழே பிடிப்பது ஒரு சிறு மின்காந்தம். அதன் முகத்தில் ரொட்டித் தூள் ஒட்டினாலே பிடிக்காது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, தலைகீழாகத் தட்டி, மென்மையான பிரஷால் துடைத்தால் பல சமயம் சரியாகும். கத்தியோ முள்கரண்டியோ உள்ளே போகவே கூடாது.

அப்படியும் நிற்கவில்லையா? பல மாடல்களில் அந்தக் காந்தச் சர்க்யூட்டுக்கு மின்சாரம் எலிமென்டின் நடுவிலிருந்துதான் போகிறது. கம்பி அறுந்தாலும் லீவர் நிற்காது. பிளக் பிடுங்கிய நிலையிலேயே லீவரைக் கையால் அழுத்திப் பிடித்து, பிளக்கின் லைவ், நியூட்ரல் முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரால் ஓம் (மின்தடை) பாருங்கள். 230 வோல்ட், 900 வாட் என்றால் 59 ஓம் பக்கம் வர வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் கம்பியோ சுவிட்ச் தொடுப்போ போயிருக்கிறது.

காலைப்பொழுது:
எலிமென்ட் மாற்றும் வகையே வாங்குகிறேன். மாற்றியபின் எதைச் சோதிக்க வேண்டும்?

மல்டிமீட்டர்:
பிளக்கைப் பிடுங்கிய நிலையிலேயே, அதன் எர்த் முனைக்கும் உலோக உடம்புக்கும் இடையே ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். அடுத்து, லைவ் முனைக்கும் உடம்புக்கும் இடையே லீவர் கீழே இருக்கும்போதும் (டூவலிட் போன்றவற்றில் டைமரைத் திருப்பி வைத்தபோதும்) மீட்டர் எதையும் காட்டக் கூடாது. இரண்டும் சரி என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, ரொட்டி இல்லாமல் இரண்டு சுற்று ஓட்டுங்கள். புது எலிமென்டின் எண்ணெய்ப் பிசுக்கு புகைந்து போய்விடும்.